நீலக்கடை முன்னால் ஒரு வரிசை

2025 பெப்ரவரி 3, திங்கள்

வடைச் சட்டியில் எண்ணெய் காய்வதற்குள் மூன்று பேர் வந்து ஒரே செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த சலூனுக்கு யாரோ நீல வர்ணம் அடிக்கிறார்களாம். எனக்குத் தெரியாதா? என் அடுப்படியில் நின்றால் கண்ணுக்கு நேரே தெரிவது அந்தக் கதவுதான்.

சலூன்காரர் கொழும்புக்குப் போனதிலிருந்து அந்தக் கதவில் தேர்தல் போஸ்டரைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. இப்போது தூறலிலேயே வர்ணம் அடிக்கிறார்கள். இந்தப் பக்கத்து மழையை அறிந்த எவனும் அப்படிச் செய்யமாட்டான். யாரோ வெளியூர் ஆள்தான்.

என் வீட்டுக்காரர் டெலிபோன் கடை என்கிறார். நான் அடகுக் கடை என்கிறேன். தோற்றவர் ஒரு கிழமைக்குக் கோப்பை கழுவ வேண்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பெப்ரவரி 5, புதன்

இருவருமே தோற்றோம். அது சிகரெட் கடை.

சிகரெட், பீடி, சுருட்டு, லைட்டர், புகையிலை வைத்த வெற்றிலைக்கூறு, கலர் கலராக வாசனைப் பாக்கு. வேறு ஒரு சாமானும் கிடையாது. கண்ணாடித் தட்டு, வெள்ளை லைட், உட்கார உயரமான ஸ்டூல். கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. விற்பனைக்கு நிற்பவர் கொடகவெலக்காரர். முதலாளி யாரென்று கேட்டால் சிரிக்கிறார்.

டிசம்பரில், நத்தாருக்கு முன்னால், மேல் வளைவில் இதே மாதிரி ஒன்று திறந்தார்கள். எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்த ஆள். அதற்கே எல்லாரும் முணுமுணுத்தோம். இப்போது இரண்டாவது. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இந்த இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கோப்பைகளை இருவரும் சேர்ந்து கழுவினோம். இவர் ஒன்றை உடைத்தார்.

பெப்ரவரி 7, வெள்ளி

றம்ஸியா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எங்கள் கடையில் ஒரு பிளேன்டீ குடிப்பார். இன்று கோப்பையைத் தொடவே இல்லை. பத்தாம் வகுப்பு முழுக்க வாசனைப் பாக்கு மணக்கிறதாம். கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பிப் போய் யன்னலால் துப்பிவிட்டு வருகிறார்களாம். இருபத்தொரு வயதாகாதவர்களுக்குப் புகையிலைச் சாமான் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மேல் கடைக்காரரோ, "அப்பாவுக்குத்தானே வாங்குற?" என்று கேள்வியோடு பதிலையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள் கூட்டம் வைக்கலாம், நீங்கள் பேச வேண்டும் என்றார். நான் என்ன பேசுவது என்றேன்.

"குமாரி அக்கா, நான் பேசினா டீச்சர் பாடம் எடுக்க வந்துட்டாங்கன்னு தூங்கிருவாங்க. நீங்க பேசினா அடுத்த நாள் டீ கெடைக்காதுன்னு பயத்துல கேப்பாங்க."

சிரித்துவிட்டேன். ஒப்புக்கொண்டும் விட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

தாஸிம் நானாவின் பலசரக்குக் கடை மாடியில் கூட்டம். அவர்தான் எங்கள் வர்த்தகர் சங்கத் தலைவர். பேக்கரி காமில், ஆப்பக்கடைச் சிங்கள அக்கே, ஹாட்வெயார்காரர், காய்கறிக்காரர்கள் என்று சந்தியிலுள்ள எல்லாரும் வந்திருந்தார்கள்.

நான் பேசினேன்! சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பியது மட்டும்தான் ஞாபகம். பிள்ளைகள் போகிற வழியில் இந்த மாதிரிக் கடை எதற்கு, இதை நடத்துகிறவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா, அவன் முகத்தைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேனாம். கை தட்டினார்கள். ஆப்பக்கடை அக்கே என் கன்னத்தைக் கிள்ளினார். இரண்டு கடையையும் மூடச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனுக் கொடுக்க முடிவாகியது.

இறங்கி வரும்போது இவர், "நீ தேர்தல்ல நிக்கலாம்" என்றார். கேலியா, பாராட்டா? இரண்டும்தான் போல.

பெப்ரவரி 10, திங்கள்

முகத்தைக் காட்டச் சொன்னேன் அல்லவா? காட்டினான். என் தம்பி ஜனார்த்தனன்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தான். இரண்டாம் தரம் சோறு போட்டு, பருப்பும் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நேத்து நல்லா பேசுனீங்களாம் அக்கா."

நான் பெருமையாக நின்றேன். எனக்கு எப்படி விளங்கும்?

"அந்தக் கடை என்னோடது."

கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. கட்டாரிலிருந்து வந்து ஒரு வருசமாகிறது. அந்த ஊரில் மழையையே மறந்துவிட்டான் போல. இல்லாவிட்டால் தூறலில் யாராவது வர்ணம் அடிப்பார்களா? ஓட்டோ ஓட்டினான், சரிவரவில்லை. டெலிபோன் ரிப்பேர் பழகினான், அதுவும் இல்லை. எம்பிலிப்பிட்டிய பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் சாமானும் தட்டும் லைட்டும் தந்து, இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். கோபிப்பேன் என்று பயந்துதான் என்னிடம் சொல்லவில்லையாம்.

என்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு கை கழுவிவிட்டு வந்து, எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றான். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இவர் சிகரெட் பெட்டி அடுக்கி வைக்கிற இடம்.

"இது என்னக்கா?"

நான் குனிந்து அகப்பையை எடுத்தேன்.

"நீங்க விக்கிறீங்க. தாஸிம் நானா விக்கிறாரு. காமில் பனிஸோட சேத்து விக்கிறாரு. எல்லாரும் விக்கலாம், நான் மட்டும் விக்கக் கூடாதா? நான் லைட் போட்டு விக்கிறேன், அவ்வளவுதானே வித்தியாசம்."

போய்விட்டான்.

நான் வளர்த்த பிள்ளை அவன். அம்மா போனப்போ அவனுக்கு ஏழு வயசு. அவன்கிட்ட ஒரு பதில் சொல்ல முடியல எனக்கு. ஊரே கை தட்டிச்சு — எதுக்குத் தட்டிச்சு? அவன் சொன்னதுல என்ன பொய் இருக்கு?

பெப்ரவரி 12, புதன். போயா

பௌர்ணமி விடுமுறை, கடை மூடல். கோயிலுக்குப் போனேன். சாமியிடம் கேட்க ஒன்றுமில்லை. பதில் எனக்கே தெரியும்.

பெப்ரவரி 14, வெள்ளி

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். சிரித்து முடிய, அப்படியென்றால் நீங்கள் முதலில் நிறுத்துங்கள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்றார். மாதச் சம்பளக்காரருக்கு அப்படிச் சொல்வது லேசு என்று எனக்கு வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வியாபாரமே பஸ் டிரைவர், கொண்டக்டர், லொறிக்காரர்களை நம்பித்தான். டீ ஒரு கையில், சிகரெட் மறுகையில். ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும் என்பது இவருடைய பயம். இவரும் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்கு மறைவில் நின்று குடிப்பார். எனக்குத் தெரியாது என்று இருபது வருசமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கண்ணாடிப் பெட்டியில் அந்தத் தட்டைக் காலியாக்கித் துடைத்தேன். மிஞ்சிய பெட்டிகளைத் தாஸிம் நானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் சீனி போளி வைத்தேன்.

இவர் பார்த்தார். ஒரு போளியை எடுத்துக் கடித்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனார்.

பெப்ரவரி 17, திங்கள்

இரண்டு டிரைவர்மார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நீலக்கடைக்குப் போனார்கள். இன்னொருவர், சிகரெட் இல்லாமல் இந்தத் தேத்தண்ணி எதற்கு அக்கே என்று சிங்களத்தில் கேட்டார். குடித்துப் பாருங்கள், முதல் தடவையாக ருசி தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

போளி எல்லாம் தீர்ந்தது. இதை இவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

தாஸிம் நானாவிடம் போனேன். சங்கத் தலைவர் நீங்கள் மொத்தமாக விற்றுக்கொண்டிருக்கையில், சங்கம் எந்த முகத்தோடு அடுத்தவனை மூடச் சொல்வது என்று கேட்டேன். தராசில் சீனி நிறுத்துக்கொண்டே கேட்டார். வரும் கிழமை நோன்பு தொடங்குகிறது.

"நோன்பு மாசம் பகல்ல எப்படியும் நம்மட ஆக்கள் வாங்குறதில்ல தங்கச்சி. இந்த ஒரு மாசம் நிப்பாட்டிப் பாக்குறேன். பெருநாளைக்குப் பொறகு என்ட வாயைக் கிளறக் கூடாது."

கிளறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். றம்ஸியா டீச்சர் கிளறுவார், அது வேறு விசயம்.

மார்ச் 4, செவ்வாய்

தலைவரே நிறுத்தியதும் காமிலும் நிறுத்தினார். ஆப்பக்கடை அக்கே தன்னிடம் இருந்ததைப் புருசனுக்குக் கொடுத்துவிட்டு, இனி கேட்காதே என்றாராம். ஹாட்வெயார்காரர் விற்றதே இல்லை. ஆனாலும் தானும் நிறுத்திவிட்டதாக எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

தம்பி மட்டும் சாப்பிட வருவதில்லை. கொடகவெலக்காரரை அனுப்பிவிட்டு இப்போது அவனே நேரே எதிரே நிற்கிறான், கை காட்டினால் காட்டுகிறான். அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

சுகாதாரப் பரிசோதகரை, எங்கள் பீ.எச்.ஐ. மாத்தயாவை, டீச்சர் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். சின்ன வயசு, சிங்களத்தில்தான் பேசினார். எங்கள் எல்லாருக்கும் விளங்கும். ஆனாலும் டீச்சர் மொழிபெயர்த்தார். அவர் ஒரு வசனம் சொன்னால் டீச்சர் நாலு வசனம் சொன்னார். மாத்தயாவுக்கே சந்தேகம் வந்து, இவ்வளவும் நானா சொன்னேன் என்று கேட்டார்.

விசயம் இதுதான். வயது குறைந்தவர்களுக்கு விற்றால் பிடிக்கலாம். மேல் கடையை அதற்காகக் கவனித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சிகரெட் கடை திறக்கவே கூடாது என்று சொல்ல அவரிடம் சட்டம் இல்லை. நாங்கள் கொடுத்த மனுவுக்கும் அதே பதில்தான் வந்திருக்கிறது. மற்ற ஊர்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள், நீங்களும் பாதி வழி வந்துவிட்டீர்கள் என்றார்.

மீதிப் பாதியில் என் தம்பி நிற்கிறான்.

மார்ச் 16, ஞாயிறு

நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கிறது. நாங்கள் எல்லாரும் நிறுத்தியதும் எங்களிடம் வாங்கியவர்கள் எங்கே போவார்கள்? அந்த இரண்டு கடைக்கும்தான். நீலக்கடையில் பின்னேரத்தில் நிற்க இடமில்லை. நேற்று இவரே அங்கே நின்றார். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். இவரும் என்னைப் பார்த்துவிட்டு, கடைப் பலகையை வாசிப்பவர் போல நின்றார். அந்தப் பலகையில் எழுத்தே இல்லை.

கூட்டத்தில் காமில் கொதித்தார். நாங்கள் ஒதுங்கிக் கொடுக்க, குமாரி அக்காவின் தம்பி கொழுக்கிறார், இதற்குத்தானா அக்கா மேடை ஏறினார் என்று கேட்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்து போட்ட திட்டமாக இருக்கும் என்று பின்னாலிருந்து யாரோ.

அழுகை வந்திச்சு. அழல. அழுதா உண்மைன்னு நெனச்சிருவாங்க.

தாஸிம் நானாதான் கையை உயர்த்தி, தங்கச்சி அப்படிப்பட்டவர் இல்லை, நோன்பு முடியும்வரை பொறுப்போம் என்றார். அதற்குப் பிறகு? எல்லாரும் திரும்ப விற்கத் தொடங்கினால் பழைய கடைகளும் இருக்கும், புதிய இரண்டும் இருக்கும். முன்னதைவிட மோசம்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

மேல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சர்மிளாவிடம் நேற்றுப் புலம்பினேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்குகிற பெண்கள் எல்லாரும் எங்கள் கடையடியால்தான் லயத்து வீடுகளுக்குப் போவார்கள். சர்மிளாதான் அவர்களுக்கு முன்னால் நடப்பாள். சத்தம் போட்டு அந்தக் கடைக்கு முன்னால் நிற்போமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"சத்தம் எதுக்குக்கா. கடைதானே? சாமான் கேக்கப் போவோம்."

இன்று நாலரை மணிக்கு இறங்கினார்கள். முப்பது பேருக்குக் குறையாது. கூடையும் தலைக்கயிறுமாக நீலக்கடை முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நடுவில் நின்றேன். முதலில் சர்மிளா.

"தேங்காய் இருக்கா தம்பி?"

இல்லை என்றான் ஜனார்த்தனன். சரி என்று மரியாதையாக நகர்ந்து, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அடுத்தவள் சோப். அடுத்தவள் உள்பாவாடை நாடா. அடுத்தவள் ஊக்கு, பிறகு குடை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, போனுக்கு ரீலோட், பேன் சீப்பு. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு முகம் சிவந்தது. என் முறை வந்ததும் கொத்தமல்லி கேட்டேன். என்னைப் பார்த்தான். இல்லை என்று மெல்லச் சொன்னான்.

சிகரெட்டுக்கு வந்த ஆண்களைப் பார்க்க வேண்டுமே. வரிசையில் மனைவி, மாமியார், மதினி. சர்மிளாவின் புருசன் வந்தார். அவளைக் கண்டதும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர் போல ரோட்டுக்குத் திரும்பி, அப்படியே பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டார்.

தாஸிம் நானா மாடி யன்னலில் நின்று பார்த்தார். நோன்பு வாயோடு சிரிக்கக் கூடாது என்று அடக்கியிருப்பார் போல, தோள் மட்டும் குலுங்கியது.

மார்ச் 20, வியாழன்

மூன்றாவது நாளும் வரிசை. இன்று மேல் கடைக்கும் பாதிப் பேர் போனார்கள். அந்த ஆள் சத்தம் போட்டார். சாமான் கேட்டால் ஏசுகிறீர்களே, இது என்ன கடை என்று ஒரு பெண் சிங்களத்தில் கேட்க, பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் முழங்கால் வலிக்கிறது. நிற்கிற போராட்டம் எனக்கு ஒத்துவராது.

மார்ச் 23, ஞாயிறு

தம்பியின் மனைவி டிலானி வந்தாள். கொடகவெல ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். விடியமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஞாயிறு மட்டும்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம். ஜனார்த்தனன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அதுதான் வலித்தது.

நானே ரோட்டைக் கடந்து போனேன். ஆள் இல்லாத நேரம். உயரமான ஸ்டூலில் ஏறி உட்காரத் தெரியாமல் நின்றேன்.

"ஊரைச் சேத்துக்கிட்டு என்னை அடிக்கிறீங்களேக்கா."

"உன் கடையத்தான்டா வேணாங்குறேன். உன்னை இல்ல."

"கடையில்லாட்டி நான் யாரு? திரும்பக் கட்டாருக்குப் போகச் சொல்றீங்களா?"

போகச் சொல்வேனா? அவன் கட்டாரில் இருந்த காலத்தில், போன் அடித்தாலே நெஞ்சு திக்கென்றது எனக்குத்தான் தெரியும். அதைச் சொன்னேன். அவன் கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

கொண்டுபோன சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சாப்பிட்டான் என்று இவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 25, செவ்வாய்

வரிசையில் இன்று ஒரு புதுமை. வழக்கம்போல முதலில் நின்ற சர்மிளா, "உள்பாவாடை நாடா இருக்கா?" என்று கேட்டாள்.

"வெள்ளையா, கலரா?" என்றான் தம்பி.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு, எல்லாக் கலரும் வேண்டும் என்றாள். பின்னால் நின்றவளிடம் ஊக்கு எந்தச் சைஸ் என்று கேட்டான். குடை கேட்டவளிடம், எங்கே வாங்குகிறீர்கள் என்று விசாரித்தான். றக்வானவுக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை கெடும், பஸ் கிடைத்தாலும் திரும்பி வர இருட்டிவிடும் என்று அவள் சொல்லத் தொடங்க, வரிசை கலைந்து எல்லாரும் சுற்றி நின்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பெண்களுக்கு வேண்டிய நாப்கின் ஆம்பளைக் கடையில் கேட்கக் கூச்சம் என்று ஒருத்தி சொல்ல, தம்பி காது சிவக்கக் கேட்டான்.

போராட்டம் என்ன ஆயிற்று? யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு டீ போட நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

சாப்பிட வந்தான்!

"அக்கா, அந்தப் பொம்பளைங்க என்னைக் கேலி பண்ண வந்தாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா அவங்க கேட்டது ஒண்ணுகூட இந்தச் சந்தியில இல்லக்கா. நெசமாவே இல்ல."

சும்மா கேட்கத் தொடங்கியவர்கள்தான். ஆனால் கேட்கும்போது எல்லாரும் நிஜமாகவே வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்ட கொத்தமல்லி உட்பட. டிலானிக்குத் தைக்கத் தெரியும், சட்டைத் துணியும் போடலாமா என்று யோசிக்கிறானாம். சிகரெட்டை விடுவாயா என்று கேட்க வாய் துடித்தது. இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். கேட்கவில்லை. மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

மார்ச் 31, திங்கள். பெருநாள்

தாஸிம் நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. கொடுத்தனுப்பியவர் பின்னாலேயே தானும் வந்தார், புதுச் சாரம், அத்தர் வாசனை. வாயைக் கிளறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் நான் பெருநாள் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அவராகவே சொன்னார். இந்த ஒரு மாதம் கடைக்கு முன்னால் துப்பல் இல்லை, சிகரெட் துண்டுகளைக் கூட்டுகிற வேலை இல்லை, அவருடைய மனைவி கடைக்கு வந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார். திரும்ப வைக்கப் போவதில்லையாம். காமிலிடமும் பேசிவிட்டாராம். காமில் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரிய பட்டர் கேக் ஒன்று அனுப்பியிருந்தார். மன்னித்துவிட்டேன். நல்ல கேக்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நீலக்கடை பாதி பாதி. இடதுபக்கம் சிகரெட், வலதுபக்கம் சோப், நாடா, ஊக்கு, குடை, கொப்பி. மொத்த வியாபாரி ஆள் அனுப்பி, இது என்ன கோலம் என்று சத்தம் போட்டிருக்கிறார். சிகரெட் மட்டும் விற்பதென்றால்தான் தட்டும் லைட்டுமாம்.

தம்பி என்னிடம் கேட்க வரவில்லை. டிலானியிடம் கேட்டிருக்கிறான்.

ஏப்ரல் 10, வியாழன்

தோட்டத்தில் சம்பள நாள். மொத்த வியாபாரியின் லொறி காலையில் வந்து கண்ணாடித் தட்டையும் லைட்டையும் ஸ்டூல்களையும் சிகரெட் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். ஒரு சொல் பேசவில்லை. பேசினால் நான் வென்றதாகிவிடும், அவன்தான் செய்தான்.

பத்து மணிக்கு இவரும் ஹாட்வெயார்காரரும் நாலு பலகையைச் சுமந்துகொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் மரத்தட்டு நின்றது, கொஞ்சம் சரிவாக. பின்னேரம் பெண்கள் இறங்கினார்கள். வருசப் பிறப்புக்குத் துணி, வளையல், பிள்ளைகளுக்குச் சாமான். இல்லை என்ற பதிலோடு ஒருத்தரும் திரும்பவில்லை. கொத்தமல்லி மட்டும் இன்னும் இல்லை. அது தாஸிம் நானாவின் வியாபாரமாம், போட்டிக்குப் போகமாட்டானாம்.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருசம். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேல் கடைக்காரரைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விற்கும்போது பீ.எச்.ஐ. மாத்தயா கையோடு பிடித்துவிட்டார், வழக்குப் போகிறது. அதற்குப் பிறகு நாலு நாள் பூட்டு. இன்று பார்த்தால் சாமான் ஒன்றும் இல்லை. போகும்போது என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனாராம். நான் குளிக்கப் போயிருந்தேன். டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார் என்றார் இவர். வந்த அன்றே குடித்திருக்கலாம்.

இனிச் சந்தியில் எங்கும் சிகரெட் இல்லை. ஒரு சிகரெட்டுக்காக இவர் நேற்று பஸ் ஏறி கொடகவெலவுக்குப் போய் வந்தார். நகவெட்டி வாங்கப் போனேன் என்றார். நகவெட்டி தம்பியின் கடையிலேயே தொங்குகிறது.

மே 24, சனி

கொழும்பு பஸ்ஸுக்கு எங்கள் சந்தியில் டயர் போய்விட்டது. ஆட்கள் எல்லாரும் இறங்கி நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தாஸிம் நானாவின் கடையில் சிகரெட் கேட்டார், காமிலிடம் கேட்டார், ஆப்பக்கடையில் கேட்டார், தம்பியிடம் கேட்டார். கடைசியாக என்னிடம் வந்தார், களைத்துப் போய்.

"இந்த ஊர்ல ஒரு மனுசனும் சிகரெட் குடிக்கிறதில்லையா?"

"குடிக்கிறோம் தம்பி," என்றார் இவர். "அதுக்குப் பஸ் ஏறிப் போவோம்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து டீ குடித்தார், வடை சாப்பிட்டார். மழை பிடித்துக்கொண்டதும் எதிரே ஓடிப்போய் ஒரு குடை வாங்கினார். பூப்போட்டது; அதுதான் மிச்சமிருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, இரண்டு டீ கேட்டான், டிலானிக்குச் சீனி குறைவாக. இந்த மாதத் தொடக்கத்தில் அவள் தொழிற்சாலையை விட்டுவிட்டு, தம்பியின் கடையிலேயே தைக்கிறாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்மிளாவுக்குத் தைக்கும் ரவிக்கையில் குனிந்திருந்தவள் நிமிராமலே, "அதுல வைங்கக்கா" என்றாள்.

பஸ் இல்லாத நேரத்தில் இப்போது எங்கள் சந்தியில் தையல் மெஷின் சத்தம் கேட்கிறது.